சாவி யாரிடம் இருக்கிறது?

இளம் பேரிடர்ப் பயிற்சியாளர் ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

தம்பி அனுப்பிய ஒத்திகை அறிக்கை வந்து சேர்ந்தது. கடலோரக் கிராமம் ஒன்றில் பேரிடர்ப் பயிற்சி, கடைசி நாளில் சுனாமி ஒத்திகை, அதற்கு வழவழத் தாளில் வண்ணப் படங்களோடு ஓர் அறிக்கை. மூச்சு நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு எத்தனை முறை அழுத்துவது, ஸ்ட்ரெச்சர் கிடைக்காத இடத்தில் போர்வையையும் இரண்டு மூங்கிலையும் வைத்து என்ன செய்வது, எண்ணெய்த் தீயில் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையெல்லாம் தம்பி சரியாகவே சொல்லிக்கொடுத்திருப்பார். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேச்சே இல்லை. அது தம்பிக்கும் தெரியும்; தீயணைப்புத் துறையில் தலை நரைத்து வீட்டுக்கு வந்துவிட்ட இந்தக் கடிதக்காரனுக்கும் தெரியும்.

எரிச்சல் வந்தது மூன்றாம் பக்கத்தில். “ஒத்திகை எவ்விதத் தடங்கலுமின்றிச் சிறப்பாக நடந்தேறியது” என்று தம்பி எழுதியிருக்கிறார். தடங்கலின்றி நடந்தேற அது என்ன கல்யாணமா? எங்கே தடங்கும் என்று கண்டுபிடிக்கத்தான் ஊரைக் கூட்டி, சைரன் ஊதி, அத்தனை பேரின் அரை நாள் கூலியைக் கெடுத்து ஒத்திகை வைப்பது. ஒன்றுமே தடங்கவில்லையென்றால், தடங்கக்கூடிய எதையும் தம்பி தொட்டுப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

ஏன் தடங்கவில்லை என்பதும் அறிக்கையிலேயே இருக்கிறது. காலை பதினொரு மணிக்குச் சைரன் ஊதும் என்று முந்தின நாளே ஊருக்குத் தெரிவித்தாயிற்று. பந்தல் போட்டாயிற்று. சிறப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகுதான் சைரனே ஊதியிருக்கிறது. படத்தில் பாருங்கள், ஓடிவருகிறவர்களில் பாதிப் பேர் சலவைச் சட்டையில் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் தலைசீவிப் பூ வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்குள் ஊர் காலியானது என்று அறிக்கை பெருமைப்படுகிறது. இத்தனை ஆயத்தத்துக்கு ஐந்து நிமிடத்திலேயே காலியாகியிருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் யாத்திரிகர் கூட்டம். கரையெங்கும் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வந்தவர்கள், பந்து விளையாடிய பிள்ளைகள். அந்தக் காலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். போபாலில் 1984-இல் விஷவாயு பரவியது டிசம்பர் 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட இரவில். வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலை ஊர்களின் மேல் மலை சரிந்து வந்ததும் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான். விருந்தினர் வந்து உட்காரும் வரை காத்திருந்த பேரிடர் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

சொல்லாமல் வைத்தால் ஊர் கோபித்துக்கொள்ளும் என்று தம்பி பதில் எழுதக்கூடும். கோபித்துக்கொள்ளட்டும். நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்துக்குப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ரிக் ரெஸ்கோர்லா மீது எத்தனை கோபம் இருந்தது! 1993-இல் அந்த வளாகத்தின் கீழ்த்தளத்தில் குண்டு வெடித்த பிறகு அவர் ஊழியர்களைத் திடீர் திடீரென்று மாடிப்படி வழியாக இறங்கவைத்துக்கொண்டே இருந்தார். நிமிடத்துக்கு நிமிடம் பணம் புரளும் தொழில். போனை வைத்துவிட்டு இறங்கு என்றால் பெரிய அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று பக்கத்துக் கோபுரம் எரியத் தொடங்கியதும், இருந்த இடத்திலேயே இருக்கும்படி தெற்குக் கோபுரத்தின் ஒலிபெருக்கி அறிவித்தது. ரெஸ்கோர்லா மெகாபோனைக் கையில் எடுத்துத் தன் ஆட்களைப் படிக்கட்டுக்கு அனுப்பினார். ஏறத்தாழ 2,700 ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் தப்பினார்கள். இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க மேலே ஏறியவர் திரும்பி வரவில்லை. ஒத்திகை நாளில் அவரைத் திட்டியவர்கள் பிறகு அவரைப் பற்றிப் பேசியதையெல்லாம் தம்பி தேடிப் படிக்க வேண்டும்.

இனி அட்டைப்படம். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பையன் கயிற்றில் தொங்குகிறான். கீழே கூட்டம் கைதட்டுகிறது. கயிறு தரமானதுதான், முடிச்சும் சரி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாயிற்று. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்ததும் கோவைக்கு அருகே நரசீபுரத்தில் 2018 ஜூலை 12 அன்று நடந்தது கண்முன் வந்தது. கல்லூரியில் பேரிடர் ஒத்திகை. கீழே மாணவர்கள் வலையை விரித்துப் பிடித்திருக்க, இரண்டாம் மாடியில் நின்று தயங்கிய பத்தொன்பது வயது மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட்டார். முதல் மாடியின் சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்துபோனார். பயிற்சி கொடுத்தவர் தங்கள் ஆள் இல்லை, அந்த ஒத்திகைக்குத் தாங்கள் அனுமதி தரவும் இல்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. தம்பியை அந்த ஆளோடு சேர்க்கவில்லை. அவர் போலி, தம்பி முறையாகப் படித்தவர். ஆனால் பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மாடியிலிருந்து இறங்கக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் மீட்புப் படையினர். ஓட்டு வீடும் தொகுப்பு வீடும் உள்ள மீனவ ஊரில் எந்த மாடியிலிருந்து யார் கயிற்றில் இறங்கப்போகிறார்கள்?

இந்த இடத்தில் கிழவனின் பழைய பல்லவி ஆரம்பமாகிறது. பயிற்சி வகுப்பில் கேட்டுச் சலித்தவர்கள் பலர். தம்பியும் ஒருமுறை பின்வரிசையில் சிரித்தது தெரியும். அறிக்கை முழுவதும் தேடியும் ஒரு விவரம் கிடைக்கவில்லை. பல்நோக்குப் பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? சைரன் இருக்கும் அறையின் சாவி? பள்ளிக்கூடத்தின் பின்கேட் சாவி? ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் எங்கே இருப்பார்?

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவ ஊர் தம்பிக்குப் பழக்கம்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் நடத்தியது. அலை உயரம், காற்று, மீன் நிலவரத்தை ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். சுனாமி அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். எல்லோரும் ஓடுங்கள் என்றார். சேதி ஊருக்குள் வந்துவிட்டது. ஊர் முழுவதற்கும் சொல்ல ஒலிபெருக்கியும் இருக்கிறது. ஆனால் மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்துத்தான் உள்ளே போய் அறிவித்தார்கள். நூற்றைம்பது வீடுகளும் இருநூறு படகுகளும் போயின. மூவாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் தொலைபேசியைக் கொண்டாடுகிறார்கள். கதவை உடைத்தவரைக் கொண்டாட ஆளில்லை. உடைக்க அவர் ஒரு நிமிடம் தயங்கியிருந்தால், பஞ்சாயத்தாரைக் கேட்டுவிட்டு உடைக்கலாம் என்று நின்றிருந்தால், இன்று அந்த ஊரைப் பற்றி வேறு கதை பேசிக்கொண்டிருப்போம்.

உடைக்க ஆள் இல்லாத இடங்களும் உண்டு. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் தையல் ஆலையில் தீப்பிடித்தபோது ஒன்பதாம் மாடியின் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. துணி திருட்டுப் போகாமல் இருக்கப் பூட்டியது. சாவி வைத்திருந்த மேஸ்திரி வேறு வழியாகத் தப்பிவிட்டார். செத்தவர்கள் 146 பேர், பெரும்பாலும் இளம் பெண்கள். நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தபோது நோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள்; 28 பேர் கட்டிய இடத்திலேயே கருகினார்கள். கொல்கத்தா தாக்குரியாவில் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனை 2011 டிசம்பர் 9 விடிவதற்கு முன் புகையத் தொடங்கியபோது பக்கத்துக் குடிசைப் பகுதி இளைஞர்கள் உதவிக்கு ஓடிவந்தார்கள். காவலாளிகள் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்று அன்றைய செய்திகள் எழுதின. ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் படுக்கையில் புகை குடித்து. அந்த வாசலில் பூட்டு வேலையைச் செய்தவர்கள் காவலாளிகள்.

சாவிப் பைத்தியம் பிடித்தது எப்படி என்றும் சொல்லிவிடலாம். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டிகைன்’ கப்பல் வெடித்தது. வெடிமருந்தையும் பஞ்சுப் பொதியையும் ஒரே கப்பலில் ஏற்றிவந்த புண்ணியவான்களின் வேலை. அதை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். ஒவ்வோர் ஆண்டும் பள்ளிகளுக்கும் ஆலைகளுக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் செயல்விளக்கம் காட்டுவோம். தகரத் தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்துவது, நுரை அடிப்பது, சிலிண்டருக்கு ஈரச்சாக்கு போர்த்துவது. பிள்ளைகள் கைதட்டுவார்கள், தலைமையாசிரியர் டீ கொடுப்பார்.

எங்கள் நிலையத்தில் முன்னணித் தீயணைப்போர் ஒருவர் இருந்தார். பெரியவர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சீருடை போட்டால் அதிகம் பேச மாட்டார். செயல்விளக்கம் முடிந்து நாங்கள் டீ குடிக்கும்போது அவர் மட்டும் கட்டடத்தைச் சுற்றி நடப்பார், ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே. ஒரு பள்ளியில் பின்கேட் துருப்பிடித்த பூட்டோடு இருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டார். வாட்ச்மேன் ஆபீஸில் என்றார்; ஆபீஸில் வாட்ச்மேனிடம் என்றார்கள். பெரியவர் வண்டியிலிருந்து ஹேக்ஸா பிளேடை எடுத்து வந்து அறுக்க ஆரம்பித்துவிட்டார். தலைமையாசிரியருக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பள்ளிச் சொத்து, எழுதிக் கேட்காமல் எப்படி அறுக்கலாம் என்று குதித்தார். பெரியவர் அறுத்து முடித்து, கேட்டைத் திறந்து, வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அந்த வழியாக வெளியே நடக்கவைத்து, மறுபடி உள்ளே அனுப்பிவிட்டுத்தான் வண்டி ஏறினார். அந்த ஆண்டுத் தீத்தொண்டு வாரத்தில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் மதிய உணவுச் சமையலின் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் கருகிப்போனபோது பெரியவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் குறுகலான அந்த ஒரே படிக்கட்டைப் பற்றித்தான் முதலில் கேட்டிருப்பார். கீற்றைப் பற்றி ஊரே பேசியது. சட்டமும் கீற்றைப் பிரித்தது. இரண்டாவது வழியைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்குக் கேட்கவில்லை.

இன்னொன்று. பெயர் சொல்ல வேண்டாத ஒரு கடலோர ஊர். புயல் கரை கடக்கும் இரவு. கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய பாதுகாப்புக் கூடத்தின் வாசலில் ஐம்பது குடும்பம் மழையில் நிற்கிறது. சாவிக்காரர் மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறார். மண்வெட்டியால் பூட்டைத் தட்டி உள்ளே விட்டோம். புயல் போய் மூன்றாம் நாள் ஓர் ஓலை வந்தது: சேதப்படுத்திய பூட்டுக்கு யார் பொறுப்பு? அந்தக் காகிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தம்பி வந்தால் காட்டலாம்.

ஆகவே மூன்று சாவி. ஒன்று, வழக்கமாக வைத்திருக்கும் அலுவலரிடம். இரண்டாவது, பாதுகாப்பு மையத்துக்கு மிக அருகில் குடியிருக்கும் ஒரு குடும்பத் தலைவியிடம். மூன்றாவது, விடிகாலை நான்கு மணிக்கு ஊரில் விளக்கெரியும் ஒரே இடமான டீக்கடையில். மூன்று பேரின் பெயரும் மையத்தின் கதவிலேயே பெயிண்டில் எழுதியிருக்க வேண்டும். போஸ்டர் ஒட்டினால் மழையில் போய்விடும்.

இரண்டாவது குறை முதலாவதைவிடப் பெரியது. நல்லவேளை, தம்பி அதை மறைக்கவில்லை. அடிக்குறிப்பில், பொடி எழுத்தில் இருக்கிறது. ஒத்திகையில் மக்கள் போய்க் கூடிய இடம் வலைப்பின்னும் கூடம். கடலிலிருந்து கூப்பிடு தூரம். “உண்மைச் சூழலில் பாதுகாப்பு மையத்துக்குச் செல்ல வேண்டும், வெயில் காரணமாகவும் முதியோர் வசதிக்காகவும் ஒத்திகை கூடத்தில் நடத்தப்பட்டது” என்று குறிப்பு சொல்கிறது. நிழல் இருந்தது, நாற்காலி இருந்தது, பந்தலும் பக்கத்தில்.

ஜப்பானில் கமைஷி நகரத்தின் உனொசுமாய்ப் பகுதிக்குத் தம்பி ஒருமுறை போய்வர வேண்டும். முடியாவிட்டால் படித்தாவது பார்க்க வேண்டும். 1933 மார்ச் 3 அன்று அந்தக் கரையைச் சுனாமி அழித்தது. அந்த நினைவில் ஆண்டுதோறும் மார்ச் 3-ஐ ஒட்டி ஒத்திகை. சுனாமிக்கென்று குறிக்கப்பட்ட புகலிடம் மேட்டில் இருந்தது. ஏறிப்போக முதியவர்களுக்குக் கஷ்டம். ஒத்திகைக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 2010-இல் ஊருக்குள்ளேயே இரண்டு மாடிப் பேரிடர்த் தடுப்பு மையம் ஒன்று திறக்கப்பட்டது. சுனாமிக்குப் புகலிடமாக அது குறிக்கப்படவே இல்லை. ஆனால் கூட்டம் சேர வேண்டும் என்பதற்காக ஒத்திகையை அங்கேயே வைத்தார்கள். 2011 மார்ச் 3-ஆம் தேதியும் அங்கேதான் வைத்தார்கள். நன்றாகவே கூட்டம் வந்தது.

எட்டு நாள் கழித்து, மார்ச் 11 பிற்பகல் 2.46-க்குப் பூமி ஆடியது. ஒத்திகையில் கால் பழகிய வழியிலேயே மக்கள் போனார்கள். தண்ணீர் இரண்டாம் மாடியின் கூரையை எட்டியது. ஏறத்தாழ 160 பேர் அந்தக் கட்டடத்துக்குள் இறந்ததாகக் கணக்கு. பயிற்சி பெறாததால் அவர்கள் சாகவில்லை. பயிற்சி பெற்றபடியே நடந்துகொண்டார்கள்.

அதே உனொசுமாயில், அதே நாளில், பள்ளிப் பிள்ளைகள் ஓடிய கதை உலகம் முழுக்கப் பரவியது. கமைஷிப் பள்ளிகளில் தொஷிதகா கததா என்ற பேராசிரியர் பல ஆண்டு பாடம் நடத்தியிருந்தார்: வரைபடத்தில் போட்ட கோட்டை நம்பாதே, அந்த நேரத்தில் முடிந்த எல்லாவற்றையும் செய், மற்றவருக்குக் காத்திராமல் முதலில் ஓடு. மின்சாரம் போய்விட்டதால் நடுநிலைப் பள்ளியில் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பிள்ளைகள் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. அவர்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த பக்கத்துத் தொடக்கப் பள்ளிச் சிறுவர்களும் இறங்கி ஓடிவந்தார்கள். குறித்திருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே பின்னாலிருந்த மண்மேடு சரிந்திருந்தது. இது போதாது என்று இன்னும் மேலே ஓடினார்கள். முதலில் நின்ற இடத்தைத் தண்ணீர் மூடியது. பள்ளியிலிருந்த பிள்ளைகள் தப்பினார்கள்.

அவர்களுக்கு மேட்டில் கால் பழகியிருந்தது. பெரியவர்களுக்கு ஊருக்குள்ளிருந்த மையத்தில். இந்த வித்தியாசத்தைத் தம்பி அடிக்குறிப்பில் வைத்திருக்கிறார்.

இஷினோமாக்கி நகரத்து ஒகாவா தொடக்கப் பள்ளி அதே நாளின் இன்னொரு பாடம். நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் இருந்தது; பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. எங்கே போவது என்று மைதானத்தில் பேசிக்கொண்டே நின்றார்கள். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் போனார்கள். அந்தப் பள்ளியிலும் கையேடு இருந்தது. சுனாமி வந்தால் பக்கத்துக் காலி இடத்துக்கோ பூங்காவுக்கோ போகவும் என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தார்கள். எந்தக் காலி இடம் என்று எழுதவில்லை. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அன்றைய தடுமாற்றத்தோடு நிற்காமல், அதற்கு முன்பே ஒழுங்காகத் திட்டமிடாததையும் நீதிமன்றம் குற்றமாகக் கண்டது. 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு உறுதியானது. கையேடு எழுதுகிற எல்லோரும் அந்த வழக்கைப் படிக்க வேண்டும். “அருகிலுள்ள பாதுகாப்பான இடத்துக்கு” என்று தம்பியின் கையேட்டில் நான்கு இடத்தில் வருகிறது.

திட்டி முடிந்தது. இனி வேறு விஷயம்.

பின்னிணைப்பு என்று போட்டு, கையெழுத்திலேயே படம் எடுத்து, அறிக்கையின் வாலில் ஒட்டிவைத்திருக்கும் அந்த இரண்டு பக்கம் இருக்கிறதே, அதற்காகத் தம்பிக்குச் சிலை வைக்கலாம். தெருவாரியாக நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் போகிறவர். ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவரைத் தூக்கிப் போக வேண்டியவரின் பெயர். அவரிடம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டதற்குக் கையெழுத்து. எத்தனையோ அரசு, அரசுசாரா ஆவணங்களைப் பார்த்த கண் இது. இப்படி ஒரு தாளை எங்கேயும் பார்த்ததில்லை. இதை ஏன் தம்பி பின்னால் ஒளித்துவைத்தார், கயிற்றில் தொங்கும் பையனை ஏன் முன்னால் வைத்தார் என்பதுதான் புரியவில்லை. மாவட்ட நிர்வாகம் அறிக்கையில் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கும் என்றால் அது இந்தப் பக்கமாக இருக்கட்டும்.

பட்டியலுக்குக் கீழே ஒரு வரி: பாதுகாப்பு மையத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லாததால் இரவில் வர மாட்டோம் என்று ஊர்ப் பெண்கள் சொன்னதைத் தம்பி அப்படியே பதிவு செய்திருக்கிறார். வங்கதேசம் இதைக் கற்க லட்சக்கணக்கில் உயிர் கொடுத்தது. 1970 நவம்பர் புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். 1972-இல் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கி, கிராமத்துத் தொண்டர்கள் கொடியும் மெகாபோனும் கைச்சைரனுமாகத் தெருத்தெருவாகப் போகத் தொடங்கினார்கள். அப்படியிருந்தும் 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களின் பங்கு மிக அதிகம். வீட்டு ஆண் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. கூட்டமான புகலிடத்தில் அந்நிய ஆண்களோடு இரவு தங்கக் கூசியவர்களும் உண்டு. இப்போது அந்தத் திட்டத்தின் தொண்டர்கள் ஏறத்தாழ 76,000 பேர். அதில் பாதி பெண்கள். வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்று கூப்பிட்டால் உள்ளே இருக்கும் பெண் வெளியே வருகிறாள். தம்பியின் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. ஒத்திகை “தடங்கலின்றி” நடந்தது என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது என்று நம்ப முடியவில்லை.

இளைஞர் குழுவுக்கு நடத்திய வகுப்பும் மோசமில்லை. உள்ளே பாய்வதற்கு முன் தன் உயிரைப் பார்த்துக்கொள் என்று முதல் பாடமாக வைத்திருக்கிறார். 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சியில்லாத பொதுமக்கள் இடிபாடுகளுக்குள் நுழைந்து 800-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றப் போனவர்களில் நூறு பேர் செத்தார்கள். பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுத்தாக வேண்டும் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறை முடிவெடுத்ததும் அந்தக் காலத்தில்தான். நம் ஊரில் ஆப்த மித்ரா திட்டத்தின் தொண்டர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறார்கள். தம்பிக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. அதற்குள் இவ்வளவு செய்ததே பெரிது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஒத்திகைக்குச் சில வேண்டுகோள். பந்தல் வேண்டாம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. இந்த வாரமா அடுத்த வாரமா என்று ஊருக்குத் தெரியாமல் இருக்கட்டும். மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் மட்டும் சொல்லி வைத்தால் போதும். மின்மாற்றியை அணைத்துவிட வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் இறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு அவரைத் திண்ணையிலேயே உட்காரவைக்க வேண்டும். அவர் வாயைத் திறக்கக் கூடாது. மெகாபோனில் பாட்டரி இருக்கக் கூடாது. சைரனும் இல்லாமல் என்ன செய்வார்கள் என்று பார்க்கலாம். சுமத்ராவுக்கு அருகில் சிமுலுவே தீவில் சைரன் ஏது? 1907-இல் வந்த அலையை அந்த மக்கள் ‘ஸ்மோங்’ என்று பாட்டிலும் கதையிலும் வைத்திருந்தார்கள். 2004-இல் நிலம் ஆடி, கடல் உள்வாங்கியதும் அந்த ஒரு சொல்லைக் கத்திக்கொண்டு மலைக்கு ஓடினார்கள். எழுபத்தெட்டாயிரம் பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

கூடும் இடம் பாதுகாப்பு மையம்தான். முதியவர்கள் நடக்க மாட்டார்கள் என்றால் எத்தனை பேர், எந்த இடத்தில் நின்றுவிட்டார்கள் என்று குறித்துவர வேண்டும். அங்கே ஒரு வண்டி வேண்டும் என்று கேட்க அதுதான் ஆதாரம். எத்தனை நிமிடத்தில் முதல் ஆள் வந்தார் என்று எழுத வேண்டாம். கடைசி ஆள் எப்போது வந்தார் என்று எழுத வேண்டும். அறிக்கையில் முதல் பக்கம் முழுவதும் கெட்டுப்போனவற்றின் பட்டியல். அதில் பத்துக்குக் குறையாமல் இருந்தால் ஒத்திகையை நம்பலாம்.

பின்னிணைப்பில் ஒரு திருத்தம். வடக்குத் தெருவில் ஏழாவதாக எழுதியிருக்கும் பாட்டிக்கு நேரே ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. தொழில் என்ற கட்டத்தில் ‘மீன்பிடி’ என்று போட்டிருக்கிறார் தம்பி. விடியற்காலையில் அவர் கடலில் இருப்பார். கரையிலேயே இருக்கும் ஒருவரைக் கேட்டு, கையெழுத்து வாங்கி, அந்தப் பெயரை இந்த வாரமே சேர்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்